ஓரடி விலகி நின்றேன்

அந்த வாடை என்னுடையது.

பாக்கியத்திடமிருந்து வருவதாக எங்கள் தோட்டமே சொன்னதே, அந்த மூத்திர வாடை... அது என் உடம்பிலிருந்து வந்தது. மூன்று வருடங்களாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை. மாரியம்மன் முன்னால் கண்ணை மூடி நின்றபோதுகூட வேறு எதையெதையோ வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால் நீங்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இல்லை. நாளைக் காலையில் ஊற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது உங்கள் முகத்தில் நான் விழிக்க வேண்டியதில்லை. இதற்குப் பெயர் தைரியமா? நீங்களே சொல்லுங்கள்.

றொசல்லைக்கு மேலே, ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் தோட்டம். முப்பத்தெட்டு வருடம் அங்கே கொழுந்து பறித்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் லயத்தில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும், எந்த ஒப்பீசிலிருந்து காகிதம் வந்தாலும் என்னிடம்தான் ஓடி வருவார்கள். எனக்குப் பட்டப்பெயர் ஒன்றும் உண்டு. சுத்தக்காரி! காலைக் கழுவாமல் ஒரு பிள்ளை என் வீட்டுக் காம்பராவுக்குள் நுழைந்துவிட முடியாது. அடுத்தவள் கொடியில் அழுக்குப் போகாத துணி தொங்கினால் அதைச் சொல்லிக் காட்டாமல் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பட்டப்பெயரில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வேறு பெருமை எனக்கு என்ன இருந்தது!

நாற்பத்தொன்பது வயதில் மாதவிலக்கு நின்றது. அப்பாடா, ஒரு தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த வருடமே இருமினால் இரண்டு சொட்டு. தும்மினால் நாலு சொட்டு. பிறகு கூடை நிறைந்து மேட்டில் ஏறும்போதெல்லாம் தொடை வழியே சூடாக இறங்கியது. இன்னும் சில வருடங்கள் போனதும், கீழே ஏதோ ஒன்று கழன்று வந்து அடைத்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு பாரம்... கையால் தொட்டுப் பார்த்து நடுங்கிப்போனேன்.

நாலு பிள்ளை பெற்ற உடம்பு. ஒவ்வொரு தடவையும் உடம்பு தேறுமுன்பே கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிய உடம்பு. கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் தாங்குகிற தசைகள் தளர்ந்து போயிருந்தன என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. சுத்தக்காரி நாறுகிறாள்!

டிஸ்பென்சரிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனேன். மூன்று தடவை போனேன். அங்கே இருந்தவர் ஆம்பிளை டொக்டர். எதை, எந்த வார்த்தையில் சொல்வது? இடுப்பு வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் காத்திருந்தவர்கள், “என்னாக்கா, ஒடம்புக்கு என்னா?” என்று கேட்டதற்கு வாதம் என்றேன். வாதம் கௌரவமான நோய். அதை நாலு பேர் முன்னால் சொல்லலாம்.

மறைக்க மட்டும் வழி தெரிந்துவிட்டது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்தேன். அதற்கு மேல் பாவாடை, அதற்கு மேல் சேலை, எல்லாவற்றுக்கும் மேல் படங்கு. தேயிலைக் குச்சி சேலையைக் கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றி நாங்கள் கட்டிக்கொள்கிற தடித்த துணியைத்தான் படங்கு என்போம். மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் அவிழ்த்து எறிவார்கள். நான் கதவைச் சாத்திய பிறகுதான் அவிழ்ப்பேன்.

மலையில் கக்கூஸ் கிடையாது. செடி மறைவுதான். அதனால் காலைத் தேத்தண்ணியை விட்டேன். பத்து மணித் தண்ணீரையும் விட்டேன். தண்ணீர் குடிக்கக் குடிக்கத்தான் வாடை குறையும், குடிக்காவிட்டால் இன்னும் கடுமையாகும் என்று சொல்ல எனக்கு யார் இருந்தார்கள்? மழைக்காலம் எனக்கு நல்ல காலம். எல்லோரும் தொப்பலாக நனைந்திருப்பார்கள். யார் எதில் நனைந்தது என்று யார் கண்டது! வெயில் மாதங்கள்தான் பயம்.

அது பங்குனி மாதம். மத்தியானக் கொழுந்து நிறுக்க மடுவத்துக் கொட்டகையில் வரிசையாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் பாக்கியம்.

பாக்கியம் அடுத்த காம்பராக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். என்னைவிட மூன்று வயது இளையவள். மலையிலும் என் தேயிலை நிரைக்கு அடுத்த நிரை அவளுடையது. அவளுக்குக் கை வேகம், எனக்கு வாய் வேகம். நான் பின்தங்கினால் என் நிரையிலும் நாலு கை பறித்து என் கூடையில் போட்டுவிட்டுப் போவாள். அவள் புருஷன் செத்துவிட்டான். ஒரே மகள் கொழும்பில் வீட்டு வேலை. அவளுக்கென்று பக்கத்தில் இருந்தது நான்தான்... நான்தான்!

கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை புதிதாக வந்தவர். எங்கள் இரண்டு பேருடைய முறை நெருங்கியதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“என்னா இது, மூத்திர நாத்தம் அடிக்குது? யாரு இங்க?”

எல்லாக் கண்களும் எங்கள் பக்கம் திரும்பின. என் காது இரண்டும் கொதித்தன. அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் மட்டும் வேறு மாதிரி நடந்திருப்பேனா? தெரியவில்லை.

நான் ஓரடி விலகி நின்றேன். பாக்கியத்தை விட்டு ஓரடி. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை!

சுத்தக்காரியே மூக்கைப் பொத்திவிட்டாள், வேறு சாட்சி யாருக்கு வேண்டும்? முன்னால் நின்றவள் விலகினாள். பின்னால் நின்றவளும் விலகினாள். நடுவில் பாக்கியம் மட்டும் கூடையோடு நின்றாள். “என்னா... என்னா?” என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து தன் படங்கைப் பார்த்தாள். அது உலர்ந்து கிடந்தது.

அன்றிலிருந்து அவளைக் கடைசியாக நிறுக்கச் சொன்னார்கள். அவள் வந்தால் இளம் பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சிரித்தார்கள். யாரும் பக்கத்து நிரையில் நிற்க மாட்டோம் என்றதால் கங்காணி அவளுக்கு ஒதுக்கமாக, கான் ஓரமாய் ஒரு நிரை கொடுத்தார். மலையில் மழைத் தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் வாய்க்காலைத்தான் கான் என்கிறோம். அதன் ஓரத்தில் சரிவு அதிகம். கால் பாவாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலியில் அவள் இரண்டாவது தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கைத் தோல் சிவந்திருந்தது. நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“அக்கா, ஒங்ககிட்ட மட்டுந்தான் கேக்க முடியும். எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. நெசமாவே எங்கிட்ட வாடை வருதா?”

இல்ல பாக்கியம், அது நாந்தான். நாலே நாலு சொல்! பீலியில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. அவள் என்னைக் கோபித்திருக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நாலு சொல்லும் என் நாக்கு வரை வந்தன.

நான் சொன்னது இது:

“லேசா வருது புள்ள. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு வரத்தான் செய்யும். தண்ணியக் கொறச்சிக் குடி.”

அவள் தலையாட்டினாள். “நீங்களாவது சொன்னீங்களேக்கா. மத்தவங்க சிரிக்கத்தான் செய்யிறாங்க” என்றாள். எனக்கு நன்றி சொன்னாள்... எனக்கு!

அன்று முதல் பாக்கியம் தண்ணீரை விட்டாள். தேத்தண்ணியை விட்டாள். ரசம், பருப்பு என்று ஈரமாக இருந்த எதையும் ஒதுக்கினாள். காய்ந்த ரொட்டியைச் சம்பலில் தொட்டுத் தின்றுவிட்டு வெயிலில் நின்றாள். கோயில் திருவிழாவுக்கு வரவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு சுவர்தானே!

ஆறு வாரம் இருக்கும். ஒரு நாள் பதினொரு மணி வெயிலில், கான் ஓரத்திலிருந்து “அம்மா” என்று ஒரே ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். தலை சுற்றி, கால் வழுக்கி, கானுக்குள் உட்கார்ந்த மாதிரி விழுந்திருக்கிறாள். முழங்கால் ஆழம்கூட இல்லாத கான். சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகத் தாண்டிக் குதிக்கிற பள்ளம். ஆனால் அவளுடைய இடது கால் கோணலாக வெளிப்புறம் திரும்பிக் கிடந்தது.

“படங்க அவுருங்க! கட்டித் தூக்கலாம்!” என்று கங்காணி கத்தினார்.

மலையில் யாராவது விழுந்தால் எங்கள் வழக்கம் அதுதான். மூன்று நாலு படங்கை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஆளை அதில் கிடத்தி, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கிப் போவோம். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவிழ்த்துப் போட்டார்கள். கங்காணி என்னைப் பார்த்தார்.

“அக்கா, ஒங்களோடதையும் குடுங்க! சீக்கிரம்!”

கை முடிச்சுக்குப் போனது. உண்மையாகவே போனது. ஆனால் ஓடி வந்ததில் படங்குக்கு உள்ளே முழங்கால்வரை நனைந்திருந்தது. வெயில் அடிக்கிறது. ஒரு சொட்டு மழை இல்லை. அவிழ்த்தால் அத்தனை பேரும் பார்ப்பார்கள்...

“என்னோடது கிழிஞ்சது. தாங்காது” என்றேன்.

இரண்டு படங்கில்தான் தூக்கினார்கள். நடுவில் தொய்ந்தது. உடைந்த இடுப்பு ஒவ்வொரு கல்படியிலும் தட்டியது. கொழுந்து லொறி நின்ற ரோட்டுக்கு வருகிறவரை அவள் அலறிய அலறல் இப்போதும் கேட்கிறது. நான் பக்கத்திலேயே நடந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்கள் என்னைக் கண்டு கண்ணீர் விட்டார்கள்.

டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். இவ்வளவு சின்னப் பள்ளத்தில் விழுந்து இப்படி உடையக் கூடாதாம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வருமாம். வலிக்காதாம், வெளியே தெரியாதாம், விழும்போதுதான் தெரியுமாம். பால் குடிப்பாரா, நெத்தலி, கீரை எல்லாம் சாப்பிடுவாரா என்று கேட்டார். நான்தான் சிங்களத்தில் பதில் சொன்னேன். உடம்பில் தண்ணீரே இல்லையே, ஏன் என்று கேட்டார். அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். தெரியாது என்று சொன்னேன்.

எலும்பு அரித்தது என் குற்றமா? இல்லை. அது எனக்கும் அரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவளைக் கான் ஓரத்துக்குத் தள்ளியது யார்? காய்ந்த ரொட்டியோடு, வறண்ட நாக்கோடு, வெயிலில் நிற்க வைத்தது யார்? இந்தக் கேள்வியை எத்தனை பக்கம் திருப்பிப் போட்டாலும் நான்தான் வந்து நிற்கிறேன்.

ஒப்பரேஷன் முடிந்து எட்டாம் நாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வார்டில் இருந்த சிங்கள நர்ஸ் மிஸ்ஸிக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். என்னைக் கண்டதும், “அம்மாட்ட மூத்திரப் பிரச்சினை ஒண்ணும் இல்ல. எல்லாம் நல்லம். ஏன் தண்ணி குடிக்க இல்ல? நீங்க சொல்லுங்க” என்று அதட்டிவிட்டுப் போனார்.

பாக்கியம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“எங்கிட்டயும் அதான்க்கா சொன்னாங்க. மூத்திரக் குழாய எடுத்த பொறகும் ஒரு சொட்டுத் தானாப் போகலையாம். எனக்கு அப்பிடி ஒரு வியாதியே இல்லையாம்.” பார்வை கூரையிலேயே இருந்தது. “அப்பறம் அன்னைக்கி அந்த வாடை எங்கேருந்துக்கா வந்துச்சு?”

நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். நகத்துக்குள் சாறு புகுந்து எரிந்தது.

“தண்ணியக் கொறச்சல்ல புள்ள... அதுல கொணமாயிருக்கும்” என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. பிறகு வாயைத் திறந்தாள். ஒரு சுளையை வைத்தேன். மென்று விழுங்கிவிட்டு, “இருக்கும்” என்றாள்.

இப்போது அவளுக்கு ஒரு கால் குட்டை. வோக்கரைத் தள்ளிக்கொண்டு காம்பராவிலிருந்து வாசல்வரை வருவாள். மலைக்குப் போவது அன்றோடு முடிந்தது. அதே வருடம் நானும் பென்ஷனில் நின்றுவிட்டேன். தினமும் அவளைக் குளிப்பாட்டுவது நான். தலை சீவிவிடுவது நான். நெத்தலியைக் குழம்பு வைத்து ஊட்டாத குறையாகக் கொடுப்பது நான். “கூடப் பொறந்தவகூட இப்பிடிப் பாக்க மாட்டா” என்று லயமே சொல்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம், அட, இது என்ன பெரிய காரியம் என்பதுபோலச் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்க்க வேண்டும். என்னை அறைந்துவிடத் தோன்றும் உங்களுக்கு!

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை இதையும் விழுங்கிவிட்டிருப்பேன். முடியவில்லை.

நாலு மாதத்துக்கு முன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று ஒரு கூட்டம் வைத்தார்கள். பாக்கியத்தை நாற்காலியோடு தூக்கிவந்து முன்னால் உட்கார வைத்தார்கள். புதிதாக வந்திருந்த மிட்வைஃப் மிஸ் நம்முடைய தமிழ்ப்பிள்ளை. எதையும் மறைக்காமல் பேசினார். எலும்பைப் பற்றிச் சொன்னார். இருமினால் மூத்திரம் போவதைப் பற்றி, கர்ப்பப்பை இறங்குவதைப் பற்றிச் சொன்னார். இது வியாதிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை, பயிற்சி இருக்கிறது, இறங்கிவிட்டால் உள்ளே வைத்துத் தாங்குகிற வளையம் இருக்கிறது, ஒப்பரேஷனும் இருக்கிறது என்றார். ஒவ்வொரு வார்த்தையும் என்னைத் தேடி வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யாருக்காவது இந்தக் கஷ்டம் இருந்தா கையத் தூக்குங்கம்மா. வெக்கப்படாதீங்க.”

முப்பது பெண்கள் இருந்தோம். ஒரு கை எழவில்லை. அந்த நிமிடத்திலும் எனக்குக் கீழே ஈரமாகத்தான் இருந்தது.

முன் வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. பாக்கியத்தின் கை.

“எனக்கு இருந்துச்சு மிஸ். இங்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேப்பர எனக்குக் குடுங்க.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பவில்லை. பயிற்சியெல்லாம் படம் போட்டிருந்த தாளை வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அப்படியே என் மடியில் வைத்தாள்.

“அக்கா வாசிச்சிக் காட்டுவாங்க.”

கூட்டம் கலைந்ததும் இரண்டு பெண்கள் தனியாகப் போய் மிஸ்ஸிடம் பேசினார்கள். அவர்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது பாக்கியத்தின் கை. நான் போகவில்லை. நாற்காலியைத் தூக்க ஆள் கூப்பிடுகிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கையைத் தூக்கினாளா? எனக்காகவா? அல்லது நான் வார்டில் சொன்ன பொய்யை நம்பி, போன வியாதி திரும்பி வந்துவிடுமோ என்று பயந்தா? நான் கேட்க முடியாது. கேட்க வேண்டுமென்றால் முதலில் நான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இடத்துக்கு வரும்போதெல்லாம் என் கால், மடுவத்தில் செய்த மாதிரியே, ஓரடி விலகிவிடுகிறது.

தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு அவள் வாசலில் உட்காருகிறோம். நான் தாளை வாசிக்கிறேன். மூத்திரத்தை அடக்குவதுபோல உள்ளே இறுக்கவும். பத்து எண்ணும்வரை பிடிக்கவும். மெதுவாக விடவும். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறாள். தனக்குத் தேவையே இல்லாத பயிற்சியை ஒரு நாள் தவறாமல் செய்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணிக்கொண்டே, சேலைக்குள் யாருக்கும் தெரியாமல் நானும் இறுக்குகிறேன்.

எனக்கு இப்போது இருமினால் முன்பைப்போல நனைவதில்லை. ஐயோ, எனக்குக் குணமாகிக்கொண்டு வருகிறது! அவள் இடுப்பில் இரும்பு கிடக்கிறது, எனக்குக் குணமாகிறது! அந்தப் பாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு வளையம் வைக்க வேண்டும். வளையம் வைக்க யாரிடமாவது வாயைத் திறக்க வேண்டும்.

நேற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது ஆறோடு நின்றுவிட்டேன். பாக்கியம் கண்ணைத் திறக்கவில்லை. உள்ளே இறுக்கிப் பிடித்தபடியே, கையை நீட்டி என் முழங்காலைத் தட்டினாள்.

“எண்ணுங்கக்கா” என்றாள். “நடுவுல விட்றாதீங்க.”

ஏழு என்றேன்.